கிராஞ்சிக் கரையும் எங்க சின்ன அப்பாருவும்

(ஜனவரி 26 அன்று கொடியேற்றம் முடிந்த பிறகு நம் சங்கக் கூடத்தில் பேசியது. அன்று ஊரில் இல்லாத சிலர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு விவரங்களை மட்டும் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம், "குடியரசு தினம், நம்ம ஊர்க்காரர் திருப்பூர் குமரனைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுங்க" என்றார். சென்னிமலையில் பிறந்தவர், கொடியைக் காத்தவர், 1932 ஜனவரியில் அடிபட்டு இறந்தவர். இதையெல்லாம் போன வருஷம் பேச்சுப் போட்டியில் நம் பிள்ளைகளே என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். குமரனுக்கு மண்டபம் இருக்கிறது, பாடப் புத்தகம் இருக்கிறது. அதனால் இன்றைக்கு மண்டபமும் புத்தகமும் கிடைக்காமல் போன ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க அப்பாருவின் தம்பி. நாங்கள் சின்ன அப்பாரு என்போம். நான் அவரைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு குழித்தறி. 1941-ல் ஒரு நாள் காலையில், ஈரோட்டுக்கு நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. வயது இருபதோ இருபத்தொன்றோ. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சில மாதம் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. சௌக்கியம், பணம் அனுப்புகிறேன் என்று நாலு வரி. பட்டாளத்தில் சேர்ந்தாரா, கூலியாகப் போனாரா, யாருக்காவது சமையலுக்குப் போனாரா, ஒன்றும் அதில் இல்லை. அதற்குப் பிறகு கார்டும் இல்லை, பணமும் இல்லை. அந்தக் கார்டும் பிற்பாடு கரையான் தின்று போயிற்று.

அவர் சம்சாரம், எங்க சின்ன அப்பத்தா, 1978 வரைக்கும் இருந்தார். நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்வார், ஆனால் விசேஷ வீட்டில் முன்னால் வந்து நிற்க மாட்டார். ஆடி அமாவாசைக்கு அவருக்குப் படையல் போடுவதா வேண்டாமா என்று வருஷா வருஷம் பேச்சு வரும். "செத்த தேதி தெரியாம எப்படிப் போடறது" என்பார் எங்க அப்பாரு. "உசிரோட இருந்தா என்ன பாவம் செய்யறோம்" என்பார் சின்ன அப்பத்தா. கடைசிவரை போடவில்லை.

நான் தபால் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். முகவரி சரியில்லாத கடிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அனுப்பியவர் முகவரியும் இல்லையென்றால் அது ஒரு சாக்கில் போய்ச் சேரும். இவர் விஷயமும் அப்படித்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் போனேன். அவள் இருப்பது தீவின் வடக்கே, உட்லண்ட்ஸ் பக்கம். நம்ம ஊர் பெட்ஷீட் ஆறு கொண்டுபோனதில் ஐந்தை முதல் வாரமே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். அது போகட்டும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்கா என்று ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில் போடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மருமகன் அதற்காகத்தான் என்னைக் கூட்டிப்போனார். மீன் ஒன்றும் மாட்டவில்லை. சும்மா நடக்கும்போது ஒரு கல்லைப் பார்த்தேன். விரித்து வைத்த புத்தகம் மாதிரி செய்திருக்கிறார்கள். ஆங்கிலம், சீனம், மலாய் எழுத்துகளுக்கு நடுவில் தமிழ்! ஜப்பானிய மொழியும் இருந்தது. அடித்தவனுடைய மொழியிலும் எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு முதலில் ஆச்சரியம். பிறகு யோசித்தால், அவர்கள் பிள்ளைகளும் வந்து படிக்கத்தானே வேண்டும்.

போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆனதை ஒட்டி 1995-ல் சிங்கப்பூர் முழுக்கப் பதினோரு இடங்களில் இப்படிக் கல் புத்தகம் வைத்தார்கள். கிராஞ்சியில் இருப்பது, 1942 பிப்ரவரியில் ஜப்பான் படை படகில் வந்து கரையேறிய இடத்துக்கானது.

பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். 1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பான் படை மலாயாவின் வடகிழக்கே கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்குச் சற்று முன்பே இது நடந்தது. அந்தக் கடற்கரையில் காவல் நின்றவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். எட்டாவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. டோக்ரா வீரர்கள் மணலில் கட்டிய சிறு காவல் அறைகளுக்குள் இருந்து சுட்டுக்கொண்டே இறந்தார்கள். அங்கிருந்து ஜப்பான்காரர்கள் சைக்கிளிலும் நடந்தும் எட்டே வாரத்தில் மலாயாவைத் தாண்டிவிட்டார்கள். ஜனவரி 31-ம் தேதி கடைசிப் படைகளும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் வந்தன. உடனே அந்தப் பாலத்தை வெடி வைத்து உடைத்தார்கள்.

இனி நடுவில் இருப்பது ஜொகூர் நீரிணை மட்டும்தான். பெரிய கடல் என்று நினைத்துத்தான் நான் போனேன். சில இடத்தில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. நம்ம பவானி கூடுதுறையில் நின்று அக்கரையைப் பார்ப்பது போல மலேசியாவின் கட்டடங்கள் தெரிகின்றன. அக்கரையில் சுல்தானின் அரண்மனைக் கோபுரத்தில் நின்றுகொண்டுதான் ஜப்பான் தளபதி யமஷிதா இந்தக் கரையைப் பார்த்தார்.

பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், எதிரி வடகிழக்கில்தான் வருவான் என்று கணக்குப் போட்டார். புதிதாக வந்த பிரிட்டிஷ் படையை அங்கே நிறுத்தினார். யமஷிதாவும் அதை நம்ப வைக்க, பிப்ரவரி 7-ம் தேதி வடகிழக்கே உபின் தீவில் கொஞ்சம் பேரை இறக்கி வேடிக்கை காட்டினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரவு உண்மையான படை வடமேற்கில், சாரிம்புன் கரையில் இறங்கியது. முதல் அலையிலேயே சுமார் 4,000 பேர். எதிரே ஆஸ்திரேலியர்கள் மூன்றே பட்டாலியன். கரையெல்லாம் சதுப்பு நிலம், அலையாத்தி மரங்கள். பக்கத்து ஆளுக்கும் இவருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி.

தபால் தந்திக்காரனான எனக்கு இதில் மனதில் நிற்பது ஒரே விஷயம். பகல் முழுக்க நடந்த குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயிருந்தன. கரையில் தேடுவிளக்குகள் இருந்தன, ஆனால் உத்தரவு வராமல் போடக் கூடாது. உத்தரவு வரக் கம்பி இல்லை. பின்னால் பீரங்கிகள் தயாராக இருந்தன, எங்கே சுட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. இருட்டில் படகுகள் வந்துகொண்டே இருந்தன. பெரிய ராஜ்ஜியங்கள் எல்லாம் சில சமயம் ஒரு லைன்மேன் இல்லாமல் விழுந்துவிடுகின்றன. இதைச் சொன்னால் என் பழைய சகாக்கள் சந்தோஷப்படுவார்கள்.

அடுத்த நாள், 9-ம் தேதி இரவு, நான் நின்ற கிராஞ்சியில் இறங்கினார்கள். இங்கே கதை வேறு மாதிரி. ஆஸ்திரேலியர்களோடு, அவசரமாகத் துப்பாக்கி கொடுக்கப்பட்ட சீனத் தொண்டர்களும் சண்டையில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிடங்கிலிருந்து எண்ணெய் ஆற்றில் ஓடி, தீப்பிடித்து, தண்ணீரே எரிந்தது. ஜப்பானின் அரசப் படையில் பலர் அதில் கருகினார்கள். அந்தப் பிரிவின் தளபதி, இந்த இடத்தை விட்டு வேறு பக்கம் போய்விடலாமா என்று யமஷிதாவிடம் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் அதே நேரத்தில் கரையைக் காத்தவர்கள், தாங்கள் பின்பக்கம் சுற்றி வளைக்கப்படுவோம் என்று பயந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாமலே விட்டுவிட்டுப் போன இடம் அது.

ஆறு நாளில் எல்லாம் முடிந்தது. பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாள். புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். முக்கியமான காரணங்களில் ஒன்று தண்ணீர். குழாய்கள் உடைந்து, லட்சக்கணக்கான ஜனங்கள் நெருக்கிக்கொண்டிருந்த நகரத்தில் தண்ணீர் நிற்கப்போகிற நிலைமை. மூன்று நாள் போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்றால் நம் குடியிருப்பில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், லாரிக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். இன்று அதே கிராஞ்சி ஆற்றின் வாயை அடைத்து, 1975-ல் நீர்த்தேக்கம் ஆக்கியிருக்கிறார்கள். எண்ணெய் எரிந்த இடத்தில் குடிதண்ணீர் நிற்கிறது. நான் பார்த்த அன்று ஒரு சின்னப் பையன் அந்தக் கல் புத்தகத்தின் மேல் தூண்டில் புழு டப்பாவை வைத்திருந்தான். அவன் அம்மா எடுக்கச் சொன்னாள். எனக்கு அது தப்பாகப் படவில்லை.

சரி, சின்ன அப்பாரு எங்கே?

பூங்காவில் பெயர்கள் கிடையாது. கிராஞ்சியிலேயே இன்னொரு இடம் இருக்கிறது, போர்க் கல்லறைத் தோட்டம். குன்றின் சரிவில் ஒரே அளவான வெள்ளைக் கற்கள், 4,400-க்கு மேல். அவற்றில் 850-க்கு மேற்பட்டவற்றின் அடியில் இருப்பது யார் என்று தெரியாது. மேலே பன்னிரண்டு தூண்கள் கொண்ட ஒரு மண்டபம், 1957-ல் திறந்தது. கூரை விமான இறக்கை போல இருக்கும். உடல் கிடைக்காதவர்கள் 24,000 பேருக்கு மேல், அவர்கள் பெயர்களை அந்தத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் இந்தியப் பெயர்கள் தூண் தூணாக வருகின்றன. பின்னால் இன்னொரு சின்னம். தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட சுமார் 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர்.

நான் இரண்டு நாள் போனேன். முதல் நாள் வெறுமனே பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது நாள் மகள் தன் கைபேசியில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்து கொடுத்தாள். இலவசம்தான். பெயரைப் போட்டால், எந்தத் தூணில் எந்த இடம் என்பது வரை வருகிறது. பல பெயர்களுக்குக் கீழே அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் இருக்கிறது. இதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா. நான் 34 வருஷம் படித்த முகவரிகள் மாதிரியே இருந்தன.

கிடைத்தாரா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை.

அதே பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள், அப்பா பெயர் வேறு. ஊர் ஒத்துப்போனால் வயது ஒத்துப்போகவில்லை. எழுத்துப் பிரச்சினை வேறு. பழனிசாமி என்ற ஒரே பெயரைப் பட்டாளத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஈரோடு என்று தேடித் தேடி நான் ஒரு மாலையை வீணாக்கினேன். பிறகுதான் உறைத்தது, நம்ம பக்கம் தனி மாவட்டமானதே 1979-ல்தான். அதற்கு முன்னால் நாமெல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. கோயமுத்தூர் என்று போட்ட பிறகுதான் நம்ம பக்கத்துப் பெயர்களே வர ஆரம்பித்தன.

அவர் பட்டாளத்திலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அந்தத் தூண்களில் அவருக்கு இடமே கிடையாது, அது படையினருக்கான சின்னம். சரணடைந்த இந்தியப் படையினரை பிப்ரவரி 17-ம் தேதி ஃபாரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். அங்கிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் தொடங்கியது. பிறகு நேதாஜி வந்தபோது தோட்டத் தமிழர்கள், பெண்கள்கூட, ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அந்த ராணுவத்துக்கு 1945 ஜூலையில் நேதாஜி கடற்கரையோரம் ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் அதை இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்திலும் 1995-ல் வைத்த கல் இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து போன அண்ணன் பெயர் கிராஞ்சித் தூணிலும், தம்பி பெயர் எங்கும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. சயாம் மரண ரயில் பாதை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் இறந்ததைப் பற்றி சினிமாவே வந்தது. ஆனால் அங்கே இறந்த ஆசியக் கூலிகள் 80,000-லிருந்து ஒரு லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டுபோன தமிழர்கள் அதில் ஏராளம். வெள்ளைக்காரக் கைதிக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. இவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 2023-ல் தமிழர்கள் சேர்ந்து ஒரு நடுகல் வைத்தார்கள். நம்ம கொங்கு நாட்டில் மாடு மீட்டுச் செத்தவனுக்கும், புலி குத்திச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறோம். எண்பது வருஷம் கழித்து அங்கே ஒரு கல் நட்டதில் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் கோபம். இத்தனை நாள் என்ன செய்தோம் என்று என் மேலேயேதான் கோபம். சின்ன அப்பத்தா இருந்தபோது நான் தபால் ஆபீசில்தான் இருந்தேன். ஒரு கடிதம் எழுதி விசாரித்திருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அவர் கேட்டிருக்க மாட்டார், அதைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு அப்போது இல்லை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நான் ஊர் திரும்பி இதைப் பற்றிப் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் இரண்டாவது மாடியில் ஓர் அம்மா, "எங்க அமுச்சியோட அண்ணனும் அப்படித்தாங்க பர்மாவுக்குப் போனவரு வரவே இல்ல" என்றார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர். அதுவும் வீட்டில் கூப்பிடுகிற பெயர். முழுப் பெயர் தெரிந்தவர் அவருடைய பெரியம்மா, வயது 91, வெள்ளோட்டில் இருக்கிறார். இந்த மாதிரி நம் குடியிருப்பிலேயே இன்னும் நாலைந்து வீடு இருக்கும். அந்தப் பெரியம்மாக்கள் போய்விட்டால், தூணில் பெயர் இருந்தும் பிரயோசனமில்லை. யாரைத் தேடுவது என்றே தெரியாது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன், செயலாளரும் சம்மதித்துவிட்டார். வருகிற ஞாயிறுகளில் காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை சங்க அலுவலக அறையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். போனவர் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், அப்பா பெயர், அப்போது இருந்த ஊர், தாலுகா, ஏறக்குறைய எந்த வருஷம் போனார், இவற்றை விசாரித்துக்கொண்டு வாருங்கள். இப்போதைய மாவட்டப் பெயர் வேண்டாம், அன்றைய ஜில்லா போதும். பழைய பெட்டியில் பென்ஷன் காகிதம், மணியார்டர் துண்டு எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். முக்கியமாகப் பதக்கம். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்களின் பின்பக்கத்திலோ விளிம்பிலோ படை எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். கறுத்துப்போன தகரம் என்று பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துலக்கவும் வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

கணினி வேலைக்கு எனக்கு இரண்டு பிள்ளைகள் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே பெயரை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்க்கப் பொறுமை இருப்பவர்கள் வந்தால் நல்லது. கிடைக்கும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். எனக்கே கிடைக்கவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் சின்ன அப்பாருக்கும் சேர்த்து ஓர் இலை போட்டோம். தேதி தெரியாதுதான். பிப்ரவரி 15-க்குப் பிறகு வந்த ஏதோ ஒரு நாள் என்று வைத்துக்கொண்டோம். பக்கத்தில் சின்ன அப்பத்தாவுக்கும் ஓர் இலை.

சமையல்கார அம்மா வாசலில் வந்து வந்து பார்க்கிறார். பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிடப் போகலாம். நோட்டு என் கையிலேயே இருக்கிறது, இப்போதே பெயர் சொல்கிறவர்கள் சொல்லலாமுங்க.